நாளொன்றுக்கு நானூறு பேர்

தன் எழிலைத் தானே பறைசாற்றி, 'வருக, வருக' என்று பயணிகளை அழைக்கும் ஊர்களையே நாம் அறிவோம். அருவியாயினும் மலைநகராயினும், உள்ள அழகைப் பத்து மடங்காக்கிக் காட்டுவதே சுற்றுலா விளம்பரத்தின் வழக்கம். ஆனால் 2021ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள ஒரு தேசியப் பூங்கா இதற்கு நேர்மாறான செயலைச் செய்தது. எங்கள் கடல்நீர் கோடையிலும் குளிரும். கரைக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. திரும்பி ஏறுகையில் வெயில் வாட்டும். கடற்கரையோ கையகலம், அதிலும் கால் வைக்க இடமிராது என்று தன் குறைகளைத் தானே எடுத்துரைத்தது. நெரிசலைக் காட்டும் படங்களையும் வெளியிட்டது. அதனோடும் நில்லாது, மறு ஆண்டுக் கோடையில் தன் குடாக்களுள் ஒன்றிற்கு நாளொன்றுக்கு 400 பேருக்கு மேல் வரலாகாது என்று கட்டளையும் பிறப்பித்தது.

இயற்கை எல்லார்க்கும் பொது அன்றோ? கடலுக்கும் கதவு உண்டோ? இவ்வினா எவர் உள்ளத்திலும் எழும். விடை காணுமுன், அவ்விடம் எத்தகையது என்பதைச் சற்றுச் சுற்றிப் பார்த்து வருவது நலம்.

மார்சேய் என்ற பெயர் நம் முன்னோர் செவிக்குப் புதியதன்று. சூயஸ் கால்வாய் திறந்த பின்னர், கொழும்புக்கும் புதுச்சேரிக்கும் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரம் தூக்கிய துறைமுகம் அது. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க வணிகர் நிறுவிய அந்நகரில் இன்று 8 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். நகரின் தென்கோடியில் வீடுகள் முடியும் இடத்திலேயே வெண்மலைகள் தொடங்கிவிடுகின்றன. அங்கிருந்து கிழக்கே கஸ்ஸி என்னும் மீனவச் சிற்றூர் வரையில், மலையும் கடலும் ஒன்றையொன்று விடாது பற்றிக்கொண்டு நிற்கின்றன. இந்த நெடுங்கரையில் மலையைப் பிளந்துகொண்டு கடல்நீர் விரல்விரலாக உள்ளே நுழைந்திருக்கும் குறுகிய குடாக்களையே அவ்வூரார் 'கலாங்க்' என்று அழைக்கின்றனர். சோர்மியூ, மோர்ஜியூ, சுஜித்தோன், ஆன்-வோ, போர்-பேன், போர்-மியூ என ஒவ்வொன்றிற்கும் தனிப்பெயர் உண்டு, தனிக்குணமும் உண்டு.

இவை தோன்றிய வரலாறு வியப்பூட்டுவது. மலை முழுவதும் சுண்ணாம்புக்கல். மழைநீர் அக்கல்லைக் கரைத்தும் அரித்தும் பள்ளத்தாக்குகளை உண்டாக்கிற்று. கடைசிப் பனியூழியில் உலகின் நீரில் பெரும்பகுதி பனிப்பாறையாக உறைந்து கிடந்தமையால், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயர, அப்பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதி மூழ்கிற்று. ஆகவே கலாங்க் என்பது பாதி மூழ்கிய பள்ளத்தாக்கு. இன்று நாம் காண்பது அதன் மேற்பாதியை மட்டுமே.

மூழ்கிய பாதியில் என்ன உள்ளது என்பதை 1985ஆம் ஆண்டில் ஒருவர் கண்டார். ஆன்ரி கொஸ்கேர் என்னும் ஆழ்கடல் முக்குளிப்பாளர், மோர்ஜியூ முனையின் அருகே, நீர்மட்டத்திற்கு 37 மீட்டர் கீழே ஒரு குகைவாயைக் கண்டு உள்ளே நுழைந்தார். இருளடர்ந்த நீண்ட சுரங்கவழி மேல்நோக்கிச் சென்று, பாதி நீரிலும் பாதி காற்றிலுமாக இருந்த ஒரு மண்டபத்தில் முடிந்தது. பின்னர் மீண்டும் மீண்டும் சென்றபோது, அதன் சுவர்களில் கற்கால மனிதனின் கைத்தடங்களும், குதிரை, காட்டெருது, மலையாடு, கடல்நாய் ஆகியவற்றின் உருவங்களும் தென்பட்டன. பறக்க இயலாத ஆக் என்னும் பெரும் பறவையின் ஓவியமும் அங்கே உள்ளது. அந்த இனம் 19ஆம் நூற்றாண்டில் உலகினின்றே அற்றுப்போயிற்று. கைத்தடங்களுட் சில 27,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றைப் பதித்தவர் கால்நடையாகவே குகைக்குள் சென்றனர். அன்று கடல் பல கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1991இல் அச்சுரங்கவழியில் மூன்று முக்குளிப்பாளர்கள் வழி தவறி உயிரிழந்த பின்னரே கொஸ்கேர் தம் கண்டுபிடிப்பை அரசுக்கு முறைப்படி அறிவித்தார். குகைவாய் அடைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு முதல் அக்குகையின் முழு மாதிரி ஒன்றை மார்சேய் நகரிலேயே எவரும் காணலாம். உண்மைக் குகையிலோ, உயர்ந்துவரும் கடல் கீழ்நிலை ஓவியங்களைச் சிறிது சிறிதாக அழித்து வருகிறது. இப்பகுதியில் கதவடைப்பது புதிய செய்தியன்று என்பதற்காகவே இதை இங்கே சொன்னேன்.

இனி நடப்போம். கஸ்ஸியிலிருந்து புறப்படுவதே பலருக்கும் எளிது. ஊரை விட்டு அரைமணி நேரம் நடந்தால் போர்-மியூ. நீண்டு ஒடுங்கிய அக்குடாவில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. இன்னுமொரு அரைமணியில் போர்-பேன். பெயருக்கேற்பப் பைன் மரங்கள் சூழ்ந்தது, சிறுபிள்ளைகளும் இறங்கிக் குளிக்கத் தக்கது. குடும்பத்தோடு வருவோர் இங்கேயே கட்டுச்சோற்றை அவிழ்த்துவிடுவது அறிவுடைமை. ஏனெனில் அதற்கப்பால் ஆன்-வோ. மேட்டின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், இருபுறமும் செங்குத்தாக நிற்கும் வெண்சுவர்களுக்கிடையே மரகத நிறத்தில் நீர் ஒரு தெருவைப் போலக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் ஒரு பாறைக்கு 'கடவுளின் விரல்' என்று பெயர். ஆனால் கீழே இறங்கும் வழி கரடுமுரடானது. கைகளையும் ஊன்றித்தான் இறங்க வேண்டும். இறங்கும்போது இருக்கும் உற்சாகம் மாலையில் ஏறும்போது இருப்பதில்லை. மேற்கே காலலோங்க் என்னும் சிற்றூர் தொடங்கிக் கஸ்ஸி வரை கரையோரமாகச் செல்லும் நெடும்பாதையின் நீளம் 28 கிலோமீட்டருக்குக் குறையாது. பழகிய கால்களுக்கே அது விடிந்தது முதல் அடையும் வரையிலான வேலை. வழியில் ஊற்றுமில்லை, கிணறுமில்லை. மழைநீரையெல்லாம் சுண்ணாம்புக்கல் உறிஞ்சிவிடும். அவ்வாறு உறிஞ்சிய நீர் நிலத்தடி ஆறாக ஓடிப் போர்-மியூவில் கடலுக்கடியே வெளிப்படுகிறது. 1970களில் பொறியாளர்கள் அந்த ஆற்றின் குகைக்குள்ளேயே அணை கட்டி உப்புநீரைத் தடுத்துக் குடிநீராக்க முயன்றனர். நீரின் உப்பு நீங்கவில்லை. கடலுக்கு நடுவே தாகத்தோடு நிற்கும் மாலுமியின் நிலைதான் இங்கே நடப்பவனுக்கும். ஆளுக்கு 2 லிட்டர் நீரேனும் கையிலிருக்க வேண்டும்.

இப்பாதைகளில் கண்ணில் படும் புதுமை ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் கால்வைத்த இடங்களில் வெண்கல் சலவைக்கல்லைப் போல வழவழத்துப் பளபளக்கிறது. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்றார் நம் முன்னோர். இங்கே மனிதன் ஊர்ந்து தேய்த்திருக்கிறான். மழை பெய்துவிட்டால் அக்கற்களின் மீது நடப்பது எண்ணெய் தடவிய படியில் நடப்பது போலத்தான். ஆன்-வோவின் பழைய ஏற்றவழிகளில் பாறையேறுவோருக்கும் இதே இடர்ப்பாடு. முதலில் ஏறியவருக்குச் சொரசொரப்பாக விரலுக்குப் பிடி கொடுத்த கல், இன்று ஏறுவோரின் விரலை வழுக்கி விடுகிறது.

பாறையேற்றம் என்றதும் காஸ்தோன் ரெபுஃபாவை நினையாதிருக்க இயலாது. 1921இல் மார்சேயில் பிறந்த இவர், இளமையில் பாறையேறப் பழகியது இக்கலாங்குகளில்தான். பனியே காணாத இக்கடற்கரையில் கற்ற கலையைக் கொண்டு ஆல்ப்ஸ் மலையின் வழிகாட்டியானார். அம்மலைத்தொடரின் ஆறு பெரும் வடமுகங்களையும் ஏறி முடித்த முதல்வர் என்ற புகழ் பெற்றார். 1950இல் அன்னபூர்ணா சிகரத்தை முதன்முதலில் வென்ற பிரெஞ்சுக் குழுவில் இவரும் ஒருவர். சிகரத்தைத் தொட்டுப் பனியால் கைகால் மரத்துத் திரும்பிய இருவரைக் கீழே கொண்டுவருவதில் பங்கேற்றவரும் இவரே. 1977இல் அமெரிக்கா வாயேஜர் விண்கலங்களில் மனித வாழ்வின் படங்களை வைத்து அனுப்பியபோது, ஒரு பாறைமுனையின் மீது நிமிர்ந்து நிற்கும் இவரது படமும் அவற்றுள் ஒன்றாகச் சென்றது. 1985இல் அவர் மறைந்தார். அப்படமோ சூரிய குடும்பத்தையும் கடந்து சென்றுகொண்டிருக்கிறது.

நீந்த வருவோர்க்கு ஒரு சொல். மத்தியதரைக் கடல் வெதுவெதுப்பானது என்பது பொதுவாக உண்மை. இங்கே அதை நம்பிக் குதித்தவர் நடுங்கியதும் உண்டு. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து 'மிஸ்திரால்' என்னும் பெருங்காற்று வீசும்போது, அது கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. ஆகவே வானம் துடைத்த கண்ணாடிபோல் நீலமாயிருக்கும் ஆகஸ்டு மாதத்திலும் நீரின் வெப்பம் ஓரிரு நாளில் பல பாகை இறங்கிவிடும். வெயிலில் ஒருமணி நேரம் நடந்து வியர்த்து வந்தவர் திடீரென்று அந்நீரில் குதிப்பது ஆபத்து. உயரப் பாறையிலிருந்து குதிக்கும் இளைஞர்களைத் தூக்கிச் செல்லத் தீயணைப்பு வீரர்கள் வர வேண்டியதாகும் நாட்களும் உண்டு. காளையரின் துணிச்சல் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

இத்தனை அழகும் தானாகவே தப்பிப் பிழைத்து வந்ததா என்றால், இல்லை. போர்-மியூவில் ஒரு பெரிய கல்வெட்டுக் குழி இருந்தது. அதை விரிவாக்கும் முயற்சியை எதிர்த்து 1910ஆம் ஆண்டிலேயே மார்சேயின் மலைநடைச் சங்கத்தார் திரண்டனர். ஆயிரக்கணக்கான மக்கள் அக்குடாவில் வந்து கூடினர். தொழிலாளியும் எழுத்தரும் ஆசிரியரும் ஞாயிறுதோறும் கட்டுச்சோற்றோடு நடந்த மலை அது. தம் ஞாயிற்றுக்கிழமையைக் காக்கவே அவர்கள் எழுந்தனர் எனலாம். பிரான்சில் இயற்கையைக் காக்க எழுந்த முதல் மக்கட் குரல்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவர். ஆயினும் கல்வெட்டு முழுவதும் நிற்க 1980கள் ஆயின.

மறுபுறம், மார்சேய் நகரின் சாக்கடை 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கோர்த்தியூ என்னும் கலாங்கில்தான் கொட்டப்பட்டது; 1987வரை சுத்திகரிப்பே இல்லை. அதைவிடப் பெரிது கார்தான் ஊரின் அலுமினா ஆலை விவகாரம். பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் எஞ்சும் செஞ்சேற்றை 1960களின் நடுவிலிருந்து குழாய்வழியே கொண்டுவந்து, கஸ்ஸிக்கு எதிரே 300 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள கடற்பள்ளத்தில் கொட்டினர். மீனவர் எதிர்த்தனர், ஆலைத் தொழிலாளரோ தம் அடுப்பு எரிய வேண்டுமே என்று அஞ்சினர். இரு தரப்பும் உழைத்துண்ணும் மக்களே. யார் பக்கம் பேசுவது? சேறு கொட்டுவது 2015ஆம் ஆண்டின் இறுதியில்தான் நின்றது. அதற்குள் 2 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சேறு கடலடியில் படிந்துவிட்டது. 2012 ஏப்ரலில் தேசியப் பூங்கா அமைந்தபோது அக்குழாயின் வாய் பூங்காவின் எல்லைக்குள்ளேயே இருந்தது! நடந்து வரும் ஏழை ஒரு சுருட்டைப் பற்றவைத்தால் தண்டம். ஆலையின் குழாய்க்கோ இசைவு. இந்த முரண்பாட்டை அவ்வூர் மக்கள் எளிதில் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

சுருட்டுக்கு விதித்த தடை மட்டும் நியாயமற்றதன்று. 1990 ஆகஸ்டில் மிஸ்திரால் காற்றோடு சேர்ந்த பெருந்தீ இம்மலையின் பெரும்பகுதியைக் கரியாக்கிற்று. இன்று ஜூன் முதல் செப்டம்பர் வரை, மறுநாள் தீயபாயம் எவ்வளவு என்பதை முந்தின மாலையே வண்ணத்தால் அறிவிக்கின்றனர். சிவப்பு என்றால் மலைக்குள் எவரும் நுழையலாகாது. எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவராயினும் திரும்ப வேண்டியதே.

இப்போது சுஜித்தோனுக்கு வருவோம். மார்சேயின் லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை நகரப் பேருந்து செல்லும்; அங்கிருந்து ஒருமணி நேரத்திற்குள் இக்குடாவை அடையலாம். பேருந்துச் செலவோடு கடற்குளியல்! மாடிக் குடியிருப்பில் வெந்து கிடக்கும் நகரத்து ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விடுமுறை ஏது? அதனால்தான் கூட்டம் சேர்ந்தது. கைபேசியில் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவவே, பிற நாட்டாரும் வந்தனர். கோடையின் உச்ச நாட்களில் ஒரே நாளில் 2,500 பேர் வரை அச்சிறு கரையில் இறங்கினர். மண் ஏற்கெனவே மெல்லியது. பாதையை விட்டு விலகி நிழல் தேடி நடந்த கால்கள் அதைக் கிளறின; இலையுதிர்கால மழை கிளறிய மண்ணைக் கடலுக்குள் அடித்துச் சென்றது. பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. விழுந்த விதை முளைத்தாலும் கன்றாகுமுன் மிதிபட்டது. கிழமரங்கள் நின்றன, அவற்றின் பின்னே வர வாரிசு இல்லை.

ஆகவே 2022ஆம் ஆண்டுக் கோடையில் முன்பதிவு முறை வந்தது. நாளொன்றுக்கு 400 பேர். பெயரைப் பதிவுசெய்து சீட்டுப் பெற்றவரே இறங்கலாம். பதிவின்றி வருவோருக்கு 68 யூரோ தண்டம். பின்வந்த கோடைகளிலும் இம்முறை தொடர்ந்தது. முதலில் முணுமுணுப்பு எழுந்தது உண்மையே. தாத்தா காலம் முதல் எங்கள் கடல், இதில் இறங்க எவரிடம் சீட்டு வாங்குவது என்று கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. சீட்டு இணையத்தின் வழியே கிடைப்பது என்பதால், அவ்வசதியில் தேர்ந்தவர்க்கே அது எளிதாகிவிடும் என்ற அச்சமும் பொருளற்றதன்று.

ஆயினும் இதில் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். அச்சீட்டுக்கு விலை இல்லை. கூட்டத்தைக் குறைக்க எளிய வழி கட்டணம் வைப்பதே; ஆளுக்கு 20 யூரோ என்று வைத்திருந்தால் கூட்டம் மறுநாளே குறைந்திருக்கும், பூங்காவின் பெட்டியும் நிறைந்திருக்கும். ஆனால் அப்போது குறைந்திருப்பவர் யார்? பேருந்தில் வந்த பிள்ளைகள்தாம். படகு வாடகைக்கு எடுப்பவனுக்கு 20 யூரோ ஒரு பொருட்டன்று. பணத்தால் வாயிலைக் குறுக்காமல் எண்ணிக்கையால் குறுக்கியமையால், மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் துறைமுகக் கூலியின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். கதவடைத்தார்களே என்று நாம் முதலில் கேட்ட கேள்விக்கு, அடைத்த விதத்தைப் பார்த்த பின் என்னால் குறை சொல்ல முடியவில்லை. செஞ்சேற்றுக் குழாய் விஷயத்திலும் இதே நெஞ்சுறுதி நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கலாகாதா என்பதே என் ஆதங்கம்.

கடலுக்குள்ளும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பூங்காவின் மையக் கடற்பரப்பு 43,500 எக்டேர்; அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் எவரும் மீன்பிடிக்கலாகாது. அங்கே பெருகும் களவா மீன்கள் எல்லை தாண்டி வந்து மீனவர் வலையையும் நிரப்பும் என்பது கணக்கு. சோர்மியூவிலும் மோர்ஜியூவிலும் இன்றும் சிறு மீனவக் குடில்கள் உள்ளன. 1622இல் மன்னர் 13ஆம் லூயி சூரை மீன் வேட்டை காண வந்தது மோர்ஜியூவுக்கே என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வர்.

சீட்டுக் கிடைக்காதவர் என் செய்வது? போர்-பேனும் மோர்ஜியூவும் இருக்கவே இருக்கின்றன. அன்றி, அவசரமில்லாதவர் அக்டோபர் வரை பொறுக்கலாம். கோடையெல்லாம் வெயில் குடித்த கடல் அப்போதும் முற்றிலும் குளிர்ந்துவிடுவதில்லை, மலையில் ரோஸ்மேரிச் செடியின் மணம் கமழும், முன்பதிவும் வேண்டா. குடிநீரை மட்டும் அப்போதும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும்.